இருமலைக் கேட்ட பிறகும்

ஜெனிட்டாவுக்கு நான்கு வயது. அறுவை அரங்கின் வாசலில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை அங்கி அவளுக்கு இரண்டு மடங்கு பெரிது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத கோபத்தில், நான் நெஞ்சில் வைக்கப்போன ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கடிக்க விட்டேன். பிறகு மெதுவாக வாங்கி முதுகில் வைத்துக் கேட்டேன். மூச்சு வெளியே வந்து முடிகிற இடத்தில் மெல்லிய விசில் சத்தம். இடத்தை மாற்றி வைத்துக் கேட்டேன். அங்கேயும் இருந்தது.

"எத்தன நாளா சளி?"

"சளியெல்லாம் இல்ல டாக்டர்," என்றாள் அம்மா செல்வி. "விடிஞ்சதுலருந்து அழுதுக்கிட்டே கெடக்கா. அதான் மூக்கு ஒழுகுது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை இருமினாள். நெஞ்சுக்குள் ஈரம் உருளும் இருமல். பக்கத்தில் நின்ற அப்பா ராயப்பன் சுவரைப் பார்த்தார்.

"மூணு நாளா இருக்கு," என்றார் பிறகு. "சொன்னா ஆப்பரேசன் பண்ண மாட்டீங்கன்னு இவதான் பயந்தா."

"இன்னிக்கு வேண்டாம்," என்றேன். "சளி முழுசா விடட்டும். நாலு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"நாலு வாரமா?"

அந்தக் குரலில் வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் கீழவைப்பாரிலிருந்து வந்திருந்தார்கள். ராயப்பன் சங்கு குளிக்கிறவர். கடல் கலங்கிக் கிடந்த நாட்களைப் பார்த்துத்தான் அறுவைக்குத் தேதி வாங்கியிருந்தார். தண்ணீர் தெளிந்துவிட்டால் வள்ளத்தில் போய்விட வேண்டும். அப்புறம் வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் செல்விதான் தனியாகப் பார்க்க வேண்டும்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சர்ஜன் வந்தார். சுந்தரேசன் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கைக்காரர், நல்ல மனிதரும்கூட. தொப்பியும் முகக்கவசமும் போட்டுத் தயாராக இருந்தார்.

"மேடம், சின்ன ஹெர்னியா. இருபது நிமிஷம்தான். சளி இல்லாத பிள்ளைய இந்த ஊர்ல எங்க போய்த் தேடுறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அது அவசர அறுவை இல்லை. குடல் எங்கும் சிக்கியிருக்கவில்லை. காத்திருக்க முடியும். மயக்க மருந்து கொடுக்க வேண்டியவள் நான். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ராயப்பன் என் முன்னால் வந்து நின்றார். "பச்சப் பிள்ளைய வயித்தக் காயப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கோம். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். ஒரு இருமலுக்காகத் திருப்பி அனுப்புதீங்களே, நீங்கல்லாம் பிள்ள பெத்தவங்கதானா?"

இந்தத் தொடரில் இதுவரை, வேலை கற்றுக்கொண்ட கதைகளையும் பார்த்துச் சிரித்த மனிதர்களையும் எழுதி வந்தேன். ஒன்றை மட்டும் வாராவாரம் தள்ளிப்போட்டேன். அன்று ராயப்பனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத வேண்டுமென்றால், அதை முதலில் எழுதியாக வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஈதர் வாசனை

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம்.

நான் நாசரேத்துப் பக்கத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். எனக்கு ஏழெட்டு வயதில் தொண்டையில் சதை வளர்ந்து அறுவை செய்தார்கள். கம்பிக் கூட்டின் மேல் துணி போட்டு, அதை மூக்கின் மேல் கவிழ்த்து, அந்தக் கால மயக்க மருந்தான ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அழுகிய பழமும் பெட்ரோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எண்ணச் சொன்னார்கள். ஆறு வரை எண்ணினேன். கண் விழித்தபோது இரும்புக் கட்டிலின் ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா தலையைப் பிடித்திருந்தாள்.

அந்த நாளில் எனக்குக் காவல் என்று இருந்தது, மணிக்கட்டில் நாடி பிடித்திருந்த ஒருவருடைய விரல் மட்டுமே. இதை நான் டாக்டருக்குப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அம்மா கடைசிவரை அதைப் பெரிய ஆபத்தாக நினைக்கவில்லை. "தூங்க வச்சாங்க, எழுப்பிட்டாங்க" என்பாள்.

பெற்றோர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அறுவையைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள். மயக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள். தூக்கம்தானே.

இப்போது விரலில் ஒரு கிளிப் மாட்டுகிறோம். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது சொல்லும். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு 'பீப்'. ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலி கனத்துக் கீழே இறங்கும். திரையைப் பார்க்காமலே தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு அது நிதானமாக இறங்கும். குழந்தைகளுக்கு அப்படியில்லை. சின்ன நுரையீரல், இருப்பில் இருக்கும் காற்று கொஞ்சம், செலவோ அதிகம். மூச்சு நின்றால் நமக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

முத்துக்குமார்

ஜெனிட்டாவைப் பார்ப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. ஆஸ்பத்திரி வேறு. அங்கே அறுவை செய்த சர்ஜன் இப்போது உயிரோடு இல்லை.

முத்துக்குமாருக்கு ஆறு வயது. ஆழ்வார்திருநகரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகன். டான்சில் அறுவை. எனக்கு அன்று காலை மூன்று ஆஸ்பத்திரிகளில் வேலை. இந்த ஊரில் மயக்க மருந்து டாக்டர்கள் பலருக்கும் அதுதான் வாழ்க்கை, காரிலேயே குடித்தனம்.

வார்டில் அவனைப் பார்த்தேன். இரண்டு முறை இருமினான். அவன் அம்மா வடிவு தானாகவே சொன்னாள்: "ரெண்டு நாளா இருமுதான் டாக்டர்."

"டான்சில் இருந்தா இருமல் வரத்தான் செய்யும். பரவாயில்ல," என்றேன்.

அந்தப் 'பரவாயில்ல'வை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவன் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. வைத்திருந்தால் நினைவிருக்கும்.

அறுவை நன்றாக முடிந்தது. மூச்சுக்காகத் தொண்டைக்குள் வைத்திருந்த குழாயை எடுத்தேன். அவன் ஒருமுறை இருமினான். பிறகு நெஞ்சு மேலே எழ முயன்றது, வயிறு உள்ளே ஒட்டியது, ஆனால் காற்று போகவில்லை. குரல்வளை பூட்டிக்கொண்டுவிட்டது. சளி பிடித்த குழந்தைகளுக்கு மயக்கம் தெளியும் நேரத்தில் இது வரக்கூடும். எனக்குத் தெரிந்ததுதான். பாடப் புத்தகத்தில் படித்ததுதான்.

தாடையைத் தூக்கி, ஆக்சிஜன் முகக்கவசத்தை அவன் முகத்தில் இறுக்கி, அதோடு இணைந்த பையை அழுத்திப் பார்த்தேன். பை கல் மாதிரி இருந்தது. 'பீப்' இறங்கத் தொடங்கியது.

"ஸ்கோலின்," என்றேன். இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்து. அதைக் கொடுத்தால் பூட்டு திறக்கும்.

சிஸ்டர் மருந்துத் தட்டைப் பார்த்தார். தட்டில் இல்லை. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து அது. அரங்கிலிருந்த ஃபிரிட்ஜ் பழுதாகி, மருந்துகளைப் பிரசவ வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழந்தையைத் தூங்க வைப்பதற்கு முன்னால் அந்த மருந்து சிரிஞ்சில் ஏறி என் கையருகில் இருந்திருக்க வேண்டும்.

சிஸ்டர் ஓடினார். அவருடைய ரப்பர் செருப்புச் சத்தம் வராந்தாவில் தூரப் போவதும், அதற்கு அப்புறம் நெடுநேரம் கழித்துத் திரும்பி வருவதும் கேட்டது. அது உண்மையில் நெடுநேரம் இல்லை. ஆனால் அவன் இதயம் நிற்க அது போதுமானதாக இருந்தது.

நெஞ்சை அமுக்கி, மருந்து கொடுத்து, நின்ற இதயத்தைத் திரும்ப ஓட வைத்தோம். ஆம்புலன்ஸில் நானும் கூடவே ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் காலையில் முத்துக்குமார் இறந்துபோனான்.

சர்ஜன்தான் பெற்றோரிடம் பேசினார். "சில பிள்ளைங்க உடம்புக்கு மயக்க மருந்து ஒத்துக்கிறதில்ல. முன்கூட்டியே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது," என்றார்.

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். வடிவு என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை.

நான் மாற்றிக்கொண்டவை

அதற்குப் பிறகு ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது காரின் பின்சீட்டில் ஒரு பெட்டி இருந்தது. குழந்தைகளுக்கான முகக்கவசங்கள், ஒவ்வொரு அளவிலும் குழாய்கள், ஐஸ் பையில் ஸ்கோலின். எந்த ஆஸ்பத்திரியில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று நம்புவதை விட்டுவிட்டேன்.

எடை பார்க்கும் மெஷின் ஒன்றும் வாங்கினேன். "பதினாறு கிலோ இருப்பான்" என்று சொல்வதைக் கேட்டு மருந்து அளக்கக் கூடாது. மெஷினில் நிற்க வைத்து, சிஸ்டர் சத்தமாக வாசிக்க வேண்டும். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் அப்படியே. ஆரம்பத்தில் சிலர் பின்னால் சிரித்தார்கள். 'ஜெபம் சொல்லுதாங்க' என்று ஒரு வார்டு பாய் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அப்புறம் இருமல். இருமும் பிள்ளையை, உயிருக்கு அவசரம் இல்லாத அறுவைக்கு நான் எடுப்பதில்லை. இதில்தான் சண்டை வரும். இரண்டு ஆஸ்பத்திரிகள் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திக்கொண்டன.

இவ்வளவும் செய்தேன். ஆனால் ஏன் செய்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், 'புது விதிமுறை' என்பேன்.

வராந்தாவில்

"நீங்கல்லாம் பிள்ள பெத்தவங்கதானா?" என்று ராயப்பன் கேட்டபோது, விதிமுறை என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது. பிள்ளை இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். வேறு ஏதோ சொல்லிவிட்டேன்.

"இதே மாதிரி இருமின ஒரு பையனுக்கு நான் மயக்க மருந்து கொடுத்தேன். ஆறு வயசு. அவன் அம்மா இருமல் இருக்குன்னு சொன்னாங்க. நான் பரவாயில்லன்னு சொல்லிட்டேன். அவன் திரும்ப எந்திரிக்கல."

சுந்தரேசன் "மேடம்..." என்று மெதுவாகச் சொன்னார்.

செல்வி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். ராயப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வேறு எதையோ யோசித்தார்.

"சளி பிடிச்சவன நாங்களும் வள்ளத்துல ஏத்த மாட்டோம்," என்றார். "முங்குனா காது வெடிக்கிற மாதிரி வலிக்கும். மூக்குல ரத்தம் வந்துரும். எங்க அண்ணன் ஒருதடவ கேக்காமப் போயி ஒரு காது கேக்காமலே போச்சு." அதோடு என்னைக் கேட்டார்: "இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்லா?"

பிறகு மனைவியிடம் திரும்பினார். "ஏளா, பிள்ளைய எடு. மொதல்ல அதுக்கு ரெண்டு இட்லி வாங்கிக் குடுப்போம்."

சுந்தரேசன் அன்று மாலை போன் செய்தார். பொது இடத்தில் அப்படிப் பேசியது சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் வரும் என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவரிடமிருந்து அழைப்பில்லை.

ஐந்து வாரம் கழித்து அழைப்பு வந்தது. "அந்தக் கீழவைப்பார் பார்ட்டி வந்திருக்காங்க. திருப்பி அனுப்பிச்ச டாக்டரம்மா இருந்தாத்தான் பிள்ளைய உள்ள விடுவேன்னு அந்த ஆளு வாசல்லயே உக்காந்திருக்காரு," என்றார். குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

ஜெனிட்டாவின் முதுகில் நெடுநேரம் கேட்டேன். சுத்தமான மூச்சு. எடை பார்த்தோம், சிஸ்டர் வாசித்தார், நான் திருப்பிச் சொன்னேன். இந்த முறை சுந்தரேசனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார். அறுவை முடிந்து, விழித்ததும் அவள் செய்த முதல் வேலை, விரலிலிருந்த கிளிப்பைக் கழற்றி எறிந்ததுதான்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் வடிவின் முகம் வந்து நின்றது. முன்பின் தெரியாத ஒரு சங்குக்காரரிடம் சொல்ல முடிந்ததை, சொல்லியே ஆக வேண்டிய ஒருத்தியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஆழ்வார்திருநகரியில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு ஏரல் வழியாகப் போனேன். வழியெல்லாம் வாழைத் தோட்டம். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை.

கடையில் முத்துக்குமாரின் அப்பா இல்லை. சரக்கு எடுக்கப் போயிருந்தார். வடிவுதான் இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க" என்று சொன்னாள். கடையை ஒட்டிய வீட்டுக்குள் கூட்டிப்போய் நாற்காலி போட்டாள். சுவரில் முத்துக்குமாரின் படம். பக்கத்தில் ஒரு சிறுமி பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பின்னால் பிறந்தவள். வடிவு அவளைக் கடையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று காரில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. அப்படியே சொன்னேன். அவள் இருமலைச் சொன்னாள், நான் சரியாகப் பார்க்கவில்லை. அவனை எடுத்திருக்கக் கூடாது. மருந்து பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், இல்லை. அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னது உண்மை இல்லை.

வடிவு என்னைப் பார்க்கவே இல்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ தண்ணி இல்லியா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எந்தத் தண்ணி?"

"அன்னிக்கு விடியக்காலம் தாகம்னு அழுதான். பச்சத் தண்ணிகூடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக. எனக்குப் பொறுக்கல. பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மடக்குத் தண்ணி குடுத்தேன். அப்புறம் ஏதும் குடுத்தீங்களான்னு நீங்க கேட்டப்போ இல்லன்னு சொல்லிட்டேன்." அவள் குரல் உடையவில்லை. தட்டையாக இருந்தது. "அந்தத் தண்ணிலதான் எம்புள்ள போயிட்டான்னு நெனச்சிட்டிருக்கேன். அவன் அப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."

நான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வடிவு, அவனுக்கு ஆப்பரேசன் பத்து மணிக்கு. நீங்க கொடுத்தது விடியக்காலம். அந்தத் தண்ணி அவனுக்கு ஒண்ணுமே செய்யல. நீங்க கொடுத்தது சரிதான்."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் அப்போதுதான் அழுதாள். முகத்தை மூடாமல், படத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கடையில் யாரோ சீனி கேட்கும் சத்தமும், சிறுமி பதில் சொல்லும் சத்தமும் கேட்டன.

நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"முழுசா முழிப்பு வரல. வலி தெரிஞ்சிருக்காது."

தலையை ஆட்டினாள். பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"இதச் சொல்ல ஒங்களுக்கு இத்தன வருசமாச்சா டாக்டர்?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்தாள். வாசல்வரை வந்தாள். நம் ஊரில் யாரை வழியனுப்பினாலும் 'போயிட்டு வாங்க' என்போம். வடிவு, "போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அது அவளுடைய உரிமை.

ஒரு டம்ளர்

அறுவைக்கு முந்தின நாள் பெற்றோரிடம் கொடுக்கும் சீட்டில், 'இரவு முதல் எதுவும் கொடுக்கக் கூடாது' என்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் அச்சடித்திருந்தார்கள். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. வெறும் தண்ணீரை, மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்பது எங்களுக்கெல்லாம் வெகுநாளாகத் தெரியும். கொடுப்பதுதான் குழந்தைக்கு நல்லதும்கூட. ஆனால் தாய்மார்களுக்கு அந்தக் கணக்கு புரியாது என்று நாங்களாகவே முடிவு செய்து, மொத்தமாகக் கூடாது என்று எழுதிவிட்டோம். அந்த வரியை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அது ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று யோசித்ததே இல்லை.

அடுத்த வாரமே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். சாப்பாடு எத்தனை மணிக்கு மேல் கூடாது, பால் எத்தனை மணிக்கு மேல் கூடாது, தண்ணீர் எத்தனை மணிவரை கொடுக்கலாம். கடைசியில் ஒரு வரி: 'தெரியாமல் எதையாவது கொடுத்துவிட்டால் பயப்படாமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம்.' சுந்தரேசன் தன் ஆஸ்பத்திரியில் அதை முதலில் அச்சடித்தார். மற்றவர்களிடம் நான் நடையாய் நடந்தேன். ஒன்றிரண்டு இடங்களில் இன்னும் பழைய சீட்டுதான்.

அப்படிப்பட்ட ஓர் இடத்தில், அண்மையில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் போனேன். அறுவை ஒன்பதரைக்கு. ஐந்து வயதுப் பெண் பிள்ளை கட்டிலில் அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் அம்மா சட்டென்று எதையோ முந்தானைக்குப் பின்னால் மறைத்தாள். கொஞ்சம் தண்ணீர் சிந்தியது.

"இல்ல டாக்டர், நான் ஒண்ணும் குடுக்கல," என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னும் நேரம் இருக்கும்மா," என்றேன். "குடுங்க. குடிக்கட்டும்."

அவள் நம்பாமல் பார்த்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். டம்ளர் முந்தானைக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தது. பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.